காலி எடை

எண்ணூர் நெடுஞ்சாலையில் எங்கள் எடைமேடை
அறுபது டன் தாங்கும்.
சிவப்பு எண்கள் இருபது இருபதாகத்தான் தாவும்.
அதற்குக் கீழே எதுவும் கணக்கில் வராது:
கண்ணாடியில் ஆடும் எலுமிச்சம்பழம்,
கிளீனரின் செருப்பு,
துறைமுக வரிசையில் வளர்ந்த மூன்று நாள் தாடி.

அன்று காலை
பன்னிரண்டு சக்கரத்துக்கும் பதினான்கு சக்கரத்துக்கும் நடுவே
யாரோ கைக்குட்டையை மடித்து வைத்ததுபோல
ஒன்று நின்றது.
பின்னால் இருந்த டிரைவருக்கு அது தெரியவே இல்லை.
கிளீனர்தான் எட்டிப் பார்த்துக் கத்தினான்:
"அண்ணே, கீழ ஒரு காரு இருக்கு!"

பேபி ஆஸ்டின். இருபத்தொன்பதாம் வருஷத்து வண்டி.
பாக்குக்கொட்டை நிறம், கித்தான் கூரை,
சைக்கிளிடம் கடன் வாங்கியதுபோல மெலிந்த சக்கரம்.
இறங்கியவள் பெயர் எப்சிபா.
கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்ரயில் ஓட்டுகிறவள்.
பன்னிரண்டு பெட்டிகளை நிறுத்திப் பழகிய கை
இதன் கதவை ஒற்றை விரலால் சாத்தியது.
"ஆர்.டி.ஓ.வுல எடைச்சீட்டு கேக்குறாங்க சார்.
அவங்க கம்ப்யூட்டர்ல இந்த வண்டிக்குப் பேரே இல்லியாம்."

எங்கள் கட்டணப் பலகையிலும் இல்லை.
இருப்பதில் சிறியது மீன்பாடி வண்டி.
அந்தக் காசையே வாங்கிக்கொண்டேன்.

மேடைக்கு ஏறும் சரிவு கொஞ்சம் செங்குத்து.
பாதி வழி வந்தது,
ஒரு விக்கல்,
இன்னொரு விக்கல்,
நின்றுவிட்டது.
வரிசை முழுக்க ஹாரன். தாய், தமக்கை, பரம்பரை எல்லாம்
வசவில் வந்து போயின.
அவள் அசரவில்லை.
"பெட்ரோல் கம்மி. பம்பு கிடையாது சார் இதுக்கு,
தானா வழிஞ்சு இறங்கணும்.
மூக்கு மேல போனா தாகம் எடுத்துரும்."

பிரேக்கைத் தளர்த்திச் சரிவில் இறங்கவிட்டு,
முன்னால் இரும்புப் பிடியைச் செருகி அரைச்சுற்று.
பக்கத்து வீட்டுத் தையல் மிஷின் சத்தம்.
தெருநாய் படுக்குமுன் சுற்றுமே,
அவ்வளவு இடத்தில் வண்டியைத் திருப்பிவிட்டாள்.
பிறகு ரிவர்ஸில்,
அரசனுக்கு முதுகு காட்டாமல் விலகுகிறவன்போல,
வரிசையிலிருந்த எல்லா லாரிகளையும் பார்த்தபடியே
மேலே ஏறி வந்தது.

ஹாரன்கள் அதற்குள் அடங்கியிருந்தன.

520.
அவள் இறங்கினாள்.
440.
வெளியே தொங்கும் பெரிய எண்பலகையில்
வரிசை முழுதும் மனக்கணக்குப் போட்டது.
"எண்பது. சந்தேகமே வேணாம்,"
என்று அவளே அறிவித்தாள்.
"நல்ல எருமை ஒண்ணு இருக்கும்," என்றார்
லோடுமேன் கன்னியப்பன்.
அவர் சொன்னது காரைத்தான்.
அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது.

சீட்டில் 'சரக்கு' என்ற கட்டம் காலியாக இருந்தால்
எந்திரம் அச்சடிக்காது.
நிலக்கரி, இரும்பு, ஜல்லி, கோதுமை, பிற.
கொஞ்சம் யோசித்து
'பிற' என்பதை அழுத்தினேன்.

வெளியேறும் வழியில்
டயர் வெடித்த டிரெய்லர் ஒன்று விடியலிலிருந்து
குறுக்கே கிடந்தது.
அதைச் சுற்றிப் போக ஒரு லாரிக்கும் வக்கில்லை.
கன்னியப்பன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.
பேச்சே இல்லை, ஆறு பேர் குனிந்தார்கள்.
ஏலேலோ ஒன்றும் போடவில்லை,
தூக்கம் கலையாமல் குழந்தையை இடம் மாற்றுகிறவர்கள்போல
மேடையின் பக்கவாட்டில் மண்ணில் இறக்கி வைத்தார்கள்.

எப்சிபா ஏறி உட்கார்ந்தாள்.
இரண்டு கன்டெய்னர்களுக்கு நடுவே,
நான் என்றால் பக்கவாட்டில் நடந்திருப்பேன்,
அந்தச் சந்துக்குள் நுழைந்து
கடல் தெரியும் பக்கமாக வெளியே வந்து
காசிமேடு நோக்கிப் போய்விட்டது.
மதியம் ஒன்றே முக்காலுக்கு அவளுக்கு டியூட்டியாம்.

அடுத்த வண்டியை அழைக்கலாமென்று
எண்பலகையைப் பார்த்தேன்.
மேடையில் கார் இல்லை. எண் இறங்கவில்லை.
440.

பழுதோ என்று பதறி எட்டிப் பார்த்தால்,
ஆறு பேரும் மேடைமேல் ஏறி நின்று
நெற்றிக்குக் கைகுவித்து
அது போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.